வானில் நாலு மணி, தரையில் ஒன்பது மணி

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வான்வழியில் சுமார் 3,000 கிலோமீட்டர். நேர் விமானம் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் சிங்கப்பூர் இப்போது பக்கத்து ஊராகிவிட்டது என்கிறோம். திருச்சிக்காரர் சொன்னால் பொருந்தும். மேட்டூர்க்காரருக்குக் கணக்கு வேறு. சேலத்துக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி, அங்கிருந்து நாமக்கல், முசிறி வழியாகத் திருச்சிக்கு மூன்றரை மணி, விமான நிலையத்தில் மூன்று மணி, சாங்கியில் இறங்கி வெளியே வர ஒரு மணி. தரையில் மட்டும் ஒன்பது மணி போய்விடுகிறது. கப்பலில் ஒரு வாரம் போன காலத்தை மறந்துவிட்டுக் குறை சொல்லலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1985இல் தீப்பிடித்த ‘சிதம்பரம்’ கப்பல் வரைக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அப்படித்தான் போய்வந்தார்கள். ஆனால் ஒரு வாரப் பயணத்தில் துறைமுகம் போய்ச்சேரும் அரை நாளை யாரும் பெரிதாக எண்ணவில்லை. நடுவழி நாலு மணியாகச் சுருங்கிய பிறகுதான் இரு முனைகளும் பயணத்தின் பெரும்பகுதியாகிவிட்டன.

வானத்திலும் தூரமும் நேரமும் எப்போதும் சேர்ந்து நடப்பதில்லை. டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை ஏர் இந்தியா 2016 அக்டோபரில் அட்லாண்டிக் பாதையிலிருந்து பசிபிக் பாதைக்கு மாற்றியது. தூரம் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் கூடி 15,300 ஆனது. நேரமோ இரண்டு மணி அளவுக்குக் குறைந்தது. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயரக் காற்று, எதிர்த்துப் போனால் தடுக்கும், கூடப் போனால் தள்ளிவிடும். ஆகவே கிலோமீட்டரைச் சொல்லிவிட்டால் நேரத்தைச் சொன்னதாகாது.

சேலத்துக்கே விமான நிலையம் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். ஓமலூரை அடுத்த காமலாபுரத்திலிருந்து சென்னை ஒரு மணிப் பயணம்தான். ஆனால் மேட்டூரிலிருந்து அங்கே போக ஒரு மணி, காத்திருக்க ஒன்றரை மணி, சென்னையில் இறங்கி வீடு சேர ஒரு மணி என்று கூட்டினால் நாலரை ஆகிறது. சேலம் போய் ரயில் பிடித்தால் ஆறரை, ஏழு. மிச்சம் இரண்டு, இரண்டரை மணிதான். விமான நேரம் நம் வேலைக்கு ஒத்துவராவிட்டால் அதுவும் கரைந்துவிடும். 2018இல் தொடங்கிய சேவை 2021இல் நின்று, 2023 அக்டோபரில்தான் திரும்பி வந்தது. இல்லாத விமானத்தின் வேகம் யாருக்கும் பயன்படாது. விமானத்தின் வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டினாலும் சிங்கப்பூர்ப் பயணத்தில் அரை மணிகூட மிஞ்சாது. மேட்டூர் பஸ்ஸில் வருகிறவர் சேலத்தில் காத்து நிற்காமல் திருச்சி வண்டி ஏற முடிந்தால் அந்த அரை மணி அங்கேயே கிடைத்துவிடும், அதுவும் மிகக் குறைந்த செலவில்.