குளிரூட்டிக்கும் வழு உண்டு

சொற்றொடரில் நேரும் வழுக்களை நன்னூலார் ஏழாக வகுத்தார் என்பதும், அவற்றுள் வினா வழுவும் விடை வழுவும் அடங்கும் என்பதும் நம் கல்லூரியிற் கற்ற அன்பர்களுக்கு நினைவிருக்கும். இவ்விரண்டும் இயந்திரங்களுக்கும் உண்டென்பதை நாம் ஊர்காவற்றுறையிலே, கடலை நோக்கிய ஒரு சிறு விடுதியிலேதான் அறிந்தோம்.

பொருளை முதலில் விளக்கிவிடுவோம். வெளியே நிற்கும் ஒரு பொறியினின்று பல அறைகளுக்கும் வேண்டிய அளவு குளிரூட்டும் வாயுவைப் பங்கிட்டனுப்பும் முறையை யப்பானிய டைக்கின் நிறுவனம் 1982ஆம் ஆண்டில் வெளியிட்டது. குளிர்நாடுகளில் இத்தகைய பொறிகளே அறையைச் சூடாக்கவும் உதவுகின்றன. வெளிப்பொறியையும் அறைகளின் உட்பொறிகளையும் இணைப்பன செப்புக் குழாய்களும் மெல்லிய இரட்டைக் கம்பியுமாம். குழாய் வாயுவைச் சுமக்கும். கம்பியோ செய்தியைச் சுமக்கும். “உன் அறையின் வெப்பம் யாது?” என ஒரு பொறி வினவ, “28 பாகை, வேண்டுவது 24” என மற்றது விடையிறுக்கும். அவ்விடைக்கேற்பக் கொம்பிரசர் விரைந்தோ மெல்லவோ ஓடும். விடை வராதவிடத்து வெளிப்பொறி தானாக ஊகித்துக்கொண்டு ஓடுவதில்லை, நின்றுவிடும். (மாணாக்கர் சிலர் பரீட்சை மண்டபத்தில் இப்பண்பைப் பின்பற்றினால் நன்று.) அப்போது டைக்கின் பொறிகளில் ‘யூ4’ என்னும் குறி தோன்றும். சுவரிலுள்ள இயக்கிக்கும் உட்பொறிக்கும் இடையே பேச்சற்றால் ‘யூ5’ என வரும்.

சோளகம் வீசும் ஆனி மாதம். நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்கு வரும் அடியார்கள் ஆறு அறைகளையும் முன்னரே கேட்டிருந்தனர். அவ்வேளையில் ஆறும் ஒருங்கே புழுங்கத் தொடங்கின. விடுதியை நடத்துபவர் கணவரை இழந்த ஒரு தாயார். வந்து பார்த்த நிறுவனத்தார், வெளிப்பொறியின் ‘போட்’ பழுது, புதிதாக மாற்றவேண்டும் என்று கூறிச் சென்றனர். அதன் விலை எமது சம்பளத்தில் பல மாதங்களை விழுங்கக்கூடியது. அத்தாயார் கலங்கிப்போய், எம்மிடம் தமிழ் கற்றுப் பின் கத்தாரில் எட்டாண்டுகள் இத்தொழில் பார்த்துத் திரும்பிய ஓர் இளைஞரை அழைத்தார்.

“போட்டைப் பிறகு பாப்பம், அம்மா, முதல் வயரைப் பாப்பம்” என்றார் அவர்.

ஓரறை மட்டும் ஊமையாயின் அவ்வறையைச் சோதிக்கவேண்டும். ஆறும் ஊமையாயின் ஆறுக்கும் பொதுவான வழியைச் சோதிக்கவேண்டும் என்பது அவர் துணிபு. மின்சாரத்தை முற்றாக நிறுத்தி, கம்பியை வெளிப்பொறியிலும் முதலறையிலும் கழற்றி, மீற்றரால் அளந்தார். இரு கம்பிகளுள் ஒன்று இடையில் அறுந்திருந்தது. சுவர் வழியே தேடிச் சென்றபோது, கடற்காற்று நேரே அறையும் பக்கத்தில் ஒரு சிறு பெட்டி. அதனுள்ளே கம்பிகளை முறுக்கி நாடா சுற்றிய ஓர் இணைப்பு. நாடாவை உரித்ததும் பச்சைத் தூளாக உதிர்ந்தது. செம்பிற் களிம்பென்று சைவசித்தாந்த வகுப்பில் உவமையாக மட்டும் கேட்டிருந்ததைக் கண்ணாரக் கண்டோம்.

அவர் அவ்விடத்தை ஒட்டுப்போடவில்லை. இடையில் இணைப்பே இல்லாத புதுக்கம்பியை, மின்சாரக் கம்பியோடு அணைந்து செல்லாதவாறு, சுவரின் உட்புறமாக இழுத்தார். மின்சாரக் கம்பியின் அருகே ஓடினால் அதன் இரைச்சல் செய்தியைக் குழப்புமாம். அதனினும் கொடியது, 230 வோல்ற் மின்சாரத்தைத் தவறுதலாகச் செய்திக் கம்பியின் திருகாணிகளிற் கொடுப்பது. அப்போது போட் உண்மையாகவே எரிந்துபோம். வேறு சில நிறுவனத்தாரின் பொறிகளில் ஒவ்வோர் அறைக்கும் இலக்கமிடவேண்டும். ஈரறைக்கு ஒரே இலக்கம் கொடுத்தால், ஒரே முகவரியில் இரண்டு வீடுகளைக் கண்ட தபாற்காரர் நிலைதான்.

எல்லாம் பூட்டிய பின்னரும் ‘யூ4’ விடாது நின்றது. தாயாரின் முகம் மீண்டும் வாடியது. இளைஞரோ அறைஅறையாக நடந்தார். ஆறாவது அறையின் உட்பொறிக்குரிய ஆளியை யாரோ அணைத்து வைத்திருந்தனர். மின்சாரம் பெறாத பொறி எங்ஙனம் விடையிறுக்கும்? ஆளியைப் போட்டதும் ஆறும் பேசின. திருவிழாவுக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன.

அவரிடம் இரு பையன்கள் தொழில் பழகுகின்றனர். கைந்நூல்கள் ஆங்கிலத்தில் இருப்பதால், வெளிநாடு செல்லுமுன் இவர்களுக்கு இந்த ஒழுங்கைத் தமிழில் எழுதித் தாருங்கள் என்று எம்மைக் கேட்டார். அவர் சொல்லச் சொல்ல மூன்று பக்கத்தில் எழுதினோம். உட்பொறி பேசாதிருப்பதை ‘விடை வழு’ என எழுதியதைப் பையன்கள் மகிழ்ந்து ஏற்றனர். ‘மின்சுற்றுப் பலகை’யை மட்டும் ஏற்க மறுத்துவிட்டனர். அது எமது கைப்பிரதியிலும் இப்போது ‘போட்’ என்றே இருக்கின்றது.