ஊத்துக்குளியில் ஒரு விருந்தினர்

சென்ற விடுமுறையில் சென்னை நண்பரொருவர் ஊத்துக்குளியில் எம் அம்மாயி வீட்டிற்கு விருந்தினராய் வந்திருந்தார். "இங்குக் காணத்தக்கன யாவை?" என்று அவர் வினவியபோது, வெண்ணெய்க்கன்றி வேறெதற்கும் பெயர்பெறாத ஊரென்று யான் நாணினேன். ஆயினும் கதித்தமலை ஏறினோம். 2024-ஆம் வருஷத்தில் ராம்சார் பட்டியலிற் சேர்ந்த நஞ்சராயன் குளத்துப் பறவைகளையும் கண்டோம்.

மூன்றாம் நாள் நொய்யற்கரையிலுள்ள கொடுமணல் சென்றோம். பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் அதுவேயென்பர். ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே அங்கு இரும்பு உருக்கினர், கல்மணி கடைந்தனர் என்பதை அகழாய்வுகள் காட்டியுள்ளன. நண்பர் வியந்தார், யானும் தலைநிமிர்ந்தேன்.

அன்றிரவு அம்மாயி, "ஒரத்துப்பாளையம் அணையையும் காட்டு, கண்ணு. நல்லதை மட்டும் காட்டினால் பாதி ஊரைத்தான் காட்டினதாகும்" என்றார். பாசனத்திற்கென்று 1992-ஆம் வருஷத்தில் திறக்கப்பெற்ற அவ்வணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்க, நீர் வயலுக்கு உதவாதாயிற்று. 2011-ஆம் வருஷத்தில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட வேண்டியதாயிற்று.

மறுநாள் அணைக்கரையில் நண்பர் ஒன்றும் பேசவில்லை. என் தந்தையார் பனியன் தொழிலாளர். என் கல்லூரிச் சம்பளம் அத்தொழில் தந்தது. இதே ஆற்றங்கரையில் அன்றைய தொழில் மணிகளை விட்டுச்சென்றது. நம் தொழில் எதனை விட்டுச்செல்லும்? இதற்கு விடை கூறவேண்டியவன் விருந்தினன் அல்லன், யானே.