கோளம்போல் தோன்றும் வெளிகள்

ஜூன் 8

ஒரு வெளியின் ஹோமாலஜிக் குலங்கள் யாவும் முப்பரிமாணக் கோளத்தினுடையவற்றோடு ஒத்திருக்குமாயின் அவ்வெளி கோளமே என்று 1900-இல் கருதிய புவான்கரே, 1904-இல் அதற்கு மாறான உதாரணமொன்றைத் தாமே நிர்மாணித்துத் தம் கூற்றைக் கைவிட்ட வரலாற்றை இன்று மீண்டும் வாசித்தேன். அவர் கண்ட வெளியின் ஹோமாலஜி கோளத்தினுடையதே. அடிப்படைக் குலமோ 120 உறுப்புகள் கொண்டது. இரு வெளிகள் வேறு என்று ஒரு கணக்குக் காட்டினால் அது தீர்ப்பு. ஒன்றுபோல் காட்டினாலோ, விசாரணை இன்னும் நடக்கிறது என்றே அர்த்தம்.

ஜூன் 9

மாக்ஸ் டேன் 1910-இல் வகுத்த சஸ்திர சிகிச்சையை வரைந்து பார்த்தேன். கோளத்தினுள் கிடக்கும் முடிச்சைச் சூழ்ந்த தடித்த வளையத்தை அகற்றி, அதன் குறுக்குவட்டம் பழைய ஸ்தானத்தில் அமையாமல், முடிச்சின் நெடுகே ஒருமுறை ஓடி அதனை ஒருமுறை சுற்றியும் வரும் கோட்டின்மீது பொருந்துமாறு திருப்பி ஒட்டினால், முடிச்சு எதுவாயினும் கிடைப்பது ஹோமாலஜிக் கோளமே, அதாவது ஹோமாலஜியில் கோளத்தோடு ஒத்த வெளியே. இடக்கை மூவிலை முடிச்சில், சுற்றும் திசையைக் கழித்தல் ஒன்று எனக் கொண்டு இதைச் செய்தால், புவான்கரேயின் வெளியே கிடைக்கிறது.

ஜூன் 12

ஆண்ட்ரூ காசன் 1985-இல் ஒவ்வொரு ஹோமாலஜிக் கோளத்திற்கும் ஒரு முழு எண்ணை அளித்தார். அடிப்படைக் குலத்தை எஸ்.யு.(2) என்னும் குலத்துள் அமைத்துக் காட்டும் வழிகளைக் கூட்டல் கழித்தல் குறிகளோடு எண்ணிப் பாதியாக்குவது அதன் தாத்பரியம். நேரே எண்ணுவது கடினமாயினும், சிகிச்சையால் அவ்வெண் எவ்வளவு மாறும் என்பதை, முடிச்சின் அலெக்ஸாண்டர் பல்லுறுப்புக்கோவையின் இரண்டாம் வகைக்கெழுவை ஒன்று என்னும் இடத்தில் மதிப்பிட்டுப் பாதியாக்கியே அறிந்துவிடலாம். மூவிலை முடிச்சுக்கு அது 1. ஆகவே கழித்தல் ஒன்று சிகிச்சையில் காசன் எண் -1 ஆகிறது. சாதாரணக் கோளத்திற்கு அது 0. ஹோமாலஜி காணாத பேதம் இங்கே ஒரே வரியில் வெளிப்பட்டுவிடுகிறது.

ஜூன் 13

இன்று அதே கழித்தல் ஒன்று சிகிச்சையை வலக்கை மூவிலை முடிச்சில் செய்து பார்த்தேன். கண்ணாடியில் தெரியும் பிம்பத்திற்கும் அலெக்ஸாண்டர் கோவை ஒன்றேயாதலால், காசன் எண் மீண்டும் -1. ஆனால் இவ்வெளியின் அடிப்படைக் குலம் முடிவிலி. இடக்கை முடிச்சில் கிடைத்த புவான்கரே வெளியினதோ 120 உறுப்புகளோடு முடிந்துவிடுவது. முடிச்சு இடக்கையா வலக்கையா என்பதை அறியாத கோவையிலிருந்து பிறந்த எண்ணும் அதனை அறியாதிருப்பது நியாயமே. ஃப்ளோர் 1988-இல், காசன் எண்ணியவற்றை எட்டுப் படிகளில் பகுத்து வைத்து ஒரு புதிய ஹோமாலஜியையே உருவாக்கினார். அதன் ஆய்லர் எண் காசன் எண்ணின் இரு மடங்கு. மொத்தம் எவ்வளவு என்று கேட்டாயிற்று. எது எந்தப் படியில் நிற்கிறது என்பதே இனிக் கேட்க வேண்டியது.