தங்க வாக்மேனும் டில்லர் ஓட்டுன காதும்

ரெண்டு லட்ச ரூபாய்க்கு ஒரு பாட்டுப் பெட்டி. கைக்குள்ள அடங்குற சைஸ். போன் பேச முடியாது, போட்டோ எடுக்க முடியாது. பாட்டு கேக்கலாம், அவ்வளவுதான். எங்க ஊர் டீக்கடையில இதைச் சொன்னா, "அந்தக் காசுக்கு ஒரு பவர் டில்லர் வந்துடுமேப்பா"ன்னு சிரிப்பாங்க. ஆனா பட்டணத்துல இதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு. இதைப் படிக்கிற உங்கள்லயும் சிலர் இருப்பீங்க.

வயக்காட்டுல கிடக்கிறவனுக்கு இதுல என்ன பேச்சுன்னு கேக்கலாம். எங்க பொழப்பு பாதி காதுலதான் ஓடுது. போர்செட் தண்ணி இழுக்குதா, காத்து இழுக்குதான்னு படுத்த இடத்துலயே தெரியும். பேரிங் போகப்போகுதுன்னா மோட்டார் ஒரு வாரம் முன்னாடியே சொல்லிடும். ராத்திரி மாடு கத்துறது பசிக்கா, பருவத்துக்கு வந்துட்டதாலயான்னு வீட்டுப் பொம்பளைங்க கட்டில்ல இருந்தே சொல்லிடுவாங்க. அதனால ஒரு சத்தத்துக்கும் இன்னொரு சத்தத்துக்கும் வித்தியாசம் இருக்குன்னு யாராவது சொன்னா, அதைச் சும்மா தள்ளிவிட எனக்கு மனசு வராது.

குறுவை அறுத்து நெல்லு போட்டாச்சு. சம்பாவுக்கு நாத்து விட்டுட்டு, பறிக்கிறதுக்குள்ள நாலு நாள் கிடைச்சுது. ஒரு மூட்டை அரிசியோட மன்னை எக்ஸ்பிரஸ் ஏறி, வேளச்சேரியில இருக்கிற அண்ணன் மகன் வீட்டுக்குப் போனேன். ஒரு காலத்துல ஏரித் தண்ணியில நெல் விளைஞ்ச ஊர் அது. தண்டீஸ்வரர் கோயில்ல சோழர் காலத்துக் கல்வெட்டு இருக்கு. இப்போ ஏரி சுருங்கிப்போச்சு. விஜயநகர்ல ரெண்டு அடுக்கு மேம்பாலம், பக்கத்துல பறக்கும் ரயில், நூறடி ரோட்ல விடிய விடிய ஹாரன். அந்த இரைச்சலுக்கு நடுவுல நாலாவது மாடியில உக்காந்து பையன் பாட்டு கேக்குறான்.

அவன் வச்சிருக்கிறது சோனி என்டபிள்யூ-டபிள்யூஎம்1ஏ. 2016-ல வந்த வாக்மேன், கறுப்பு அலுமினிய உடம்பு. அதே வருஷம் அதுக்கு அண்ணன் மாதிரி டபிள்யூஎம்1இசட்னு ஒண்ணையும் சோனி விட்டுச்சு. அதோட உடம்பு ஆக்சிஜன் நீக்கின தாமிரம், மேல தங்க முலாம். கறுப்பு 267 கிராம், தங்கம் 455 கிராம். கிட்டத்தட்ட அரைக் கிலோ! வேலை பார்க்கிற டிஜிட்டல் ஆம்ப்ளிஃபையர் ரெண்டுலயும் ஒரே வகைதான். உடம்பும் உள்ள ஓடுற வயரும் இன்னும் சில உதிரியும்தான் வேற. வந்தப்போ அமெரிக்காவுல கறுப்பு 1,200 டாலர், தங்கம் 3,200 டாலர். நம்ம கணக்குல ஒண்ணு நல்ல கறவை மாடு, இன்னொண்ணு அந்த பவர் டில்லர்.

அடையாறுல இருக்கிற அவன் சிநேகிதன்கிட்ட தங்கப் பெட்டி இருக்கு. அவன் விக்கிறான். தன்னோடதைக் கொடுத்துட்டு மேல ஒரு லட்சம் போட்டா வாங்கிடலாம்னு நம்ம பையன் கணக்குப் போட்டு வச்சிருந்தான். மருமகளுக்கு அதுல சம்மதம் இல்ல. ரெண்டாவது குழந்தைக்கு ஸ்கூல் பீஸ் கட்டுற வருஷம். "மாமா, நீங்களே கேட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னு பஞ்சாயத்து எங்கிட்ட வந்துச்சு.

சனிக்கிழமை சிநேகிதன் பெட்டியோட வந்தான். இளையராஜாவோட 1986 ஆல்பம் 'ஹவ் டு நேம் இட்' போட்டாங்க. வயலின் கூட்டமா எழும்பி வர்ற இடம். முதல்ல கறுப்பு, அப்புறம் தங்கம். தங்கத்துல கேட்டதும் எனக்கே முதுகு நிமிர்ந்துச்சு. வயலின் கிட்ட வந்து நிக்குது, அடிக்கட்டை சத்தம் கனமா விழுது. "பார்த்தீங்களா சித்தப்பா?"ன்னு பையன் முகத்துல அவ்வளவு சந்தோஷம்.

நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்: "தம்பி, ரெண்டுலயும் சத்தம் ஒரே அளவுதானா?"

சந்தையில மாடு பார்க்கிறவன் ரெண்டு மாட்டையும் ஒரே மேட்டுல நிக்க வச்சுத்தான் பார்ப்பான். மேட்டுல நிக்கிற மாடு எப்பவும் பெருசாத்தான் தெரியும். சத்தமும் அப்படித்தான். ஒரு பெட்டியில வால்யூம் ஒரு டெசிபல் கூட இருந்தா, 'இது சத்தமா இருக்கு'ன்னு மனசு சொல்லாது. 'இது தெளிவா இருக்கு, உயிரோட இருக்கு'ன்னுதான் சொல்லும். கடையில வித்தியாசம் காட்டுற பாதி வித்தை இதுலதான் இருக்கு.

பையன் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன், சட்டுனு பிடிச்சுக்கிட்டான். நம்ம மோட்டார் கொட்டகையில தொங்குற மஞ்சள் மீட்டர் இதுக்கு ஆகாது. அதுல ஏசி வோல்ட் 200-ல்தான் ஆரம்பிக்கும். அவன்கிட்ட மில்லிவோல்ட் காட்டுற மீட்டர் இருந்துச்சு. 100 ஹெர்ட்ஸ்ல ஒரே சீரா ஊதுற ஒரு சத்தத்தை ரெண்டு பெட்டியிலயும் ஓடவிட்டு, இயர்போன் மாட்டுற இடத்துல வோல்ட் அளந்தான். சாதாரண மீட்டர் எல்லாம் கரன்ட்டோட 50 ஹெர்ட்ஸுக்குப் பண்ணது, அதனால இந்த மாதிரி தாழ்ந்த சத்தத்துக்குத்தான் கணக்கு சரியா காட்டும். வோல்ட் நூத்துக்கு ஒண்ணுக்குள்ள ஒத்துப்போனா, சத்தம் 0.1 டெசிபல் அளவுக்கு ஒத்துப்போச்சுன்னு அர்த்தம். அளந்து பார்த்தா, தங்கப் பெட்டி ரெண்டு டெசிபலுக்கு மேல சத்தமா ஓடிக்கிட்டு இருந்திருக்கு!

சமமாக்கிட்டு மறுபடி உக்காந்தோம். மருமகள் துண்டைப் போட்டு மூடி, எந்தப் பெட்டின்னு சொல்லாம மாத்தி மாத்தி மாட்டிவிட்டா. ஆளுக்குப் பத்து தடவை. குத்துமதிப்பா சொன்னாலே பத்துக்கு அஞ்சு சரியா வரும், காசு சுண்டுற மாதிரி. ஒன்பது சரியா வந்தாத்தான் காது சொல்லுதுன்னு நம்பலாம். குருட்டாம்போக்குல ஒன்பதோ பத்தோ வர்றதுக்கு நூத்துல ஒரு வாய்ப்புதான். பையனுக்கு ஆறு, சிநேகிதனுக்கு அஞ்சு, எனக்கு நாலு. அடுத்து, போன்ல சொருகுற ஆயிரம் ரூபாய் அடாப்டரையும் தங்கத்தையும் வச்சுப் பார்த்தோம். அதுலயும் யாரும் ஏழைத் தாண்டல.

எங்க மூணு பேர் காதை வச்சு ஊருக்கே தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனா பெரிய அளவுலயும் பார்த்திருக்காங்க. 2007-ல அமெரிக்காவுல மேயர், மோரன்னு ரெண்டு பேர், உயர்தரப் பதிவையும், அதையே சிடி தரத்துக்குக் குறைச்சதையும் மாத்தி மாத்திக் கேக்க வச்சாங்க. 554 தடவையில சரியா வந்தது பாதிக்குப் பாதி. 2016-ல லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்து ஜோஷுவா ரீஸ் பல ஆய்வுகளை ஒண்ணாக் கூட்டிப் பார்த்தார். அதுல 52.3 சதவீதம் சரியா வந்துச்சு, பயிற்சி எடுத்தவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட. அதாவது வித்தியாசமே இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா இருந்தா அது ஒரு நூலிழை.

அப்போ எல்லாப் பெட்டியும் ஒண்ணுதானான்னு கேட்டா, அதுவும் இல்ல. நிஜமா வித்தியாசம் வர்ற இடங்கள் இருக்கு.

ஒண்ணு, இரைச்சல். சிநேகிதன் கொண்டுவந்த இன்னொரு பழைய பிளேயர்ல பாட்டு ஓடாதப்பவே 'ஸ்ஸ்'னு ஒரு சத்தம் இருந்துச்சு. நுணுக்கமான இயர்போன் போட்டா இது தெரியும். பத்துக்குப் பத்து கண்டுபிடிச்சோம்.

ரெண்டு, இழுவை. பெரிய ஹெட்போன்ல சிலதுக்கு நிறைய வோல்ட் வேணும். அஞ்சு எச்பி மோட்டாரைக் கொண்டுபோய் ஆயிரம் அடி போர்ல இறக்கினா எப்படித் திணறுமோ, சின்ன அடாப்டரும் அப்படித் திணறும்.

மூணு, பிளேயரோட வெளிவாசல்ல இருக்கிற மின்தடை. அது கூடுதலா இருந்தா, சில இயர்போன்ல அடிச்சத்தமும் மேல் சத்தமும் இடம் மாறிடும். இயர்போன் தடையில எட்டுல ஒரு பங்குக்குக் கீழ இருக்கணும்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க.

இந்த மூணையும் தாண்டி பெரிய வித்தியாசம் வர்றது இயர்போன்லயும் பதிவுலயும்தான். 'அன்னக்கிளி' 1976-ல மோனோவுல பதிவானது. அதை எந்தப் பெட்டியில போட்டாலும் மோனோதான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956-ல போயிட்டார். எங்க பக்கத்து மனுஷன்கிறதால அவரோட பழைய இசைத்தட்டுத் தோடியைப் போடச் சொன்னேன். கரகரன்னுதான் இருந்துச்சு, தங்கத்துலயும் அதே கரகரப்புதான். ஆனா அஞ்சு நிமிஷம் யாரும் பேசல.

இதுவரைக்கும் பெட்டி கதை. நான் எழுத உக்காந்தது இதுக்கு அப்புறம் நடந்ததைச் சொல்லத்தான்.

சும்மா விளையாட்டா, காது எதுவரைக்கும் கேக்குதுன்னு பையன் ஒரு சத்தத்தை ஏத்திக்கிட்டே போனான். சின்ன வயசுல மனுஷக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும். சாதாரண சிடியே 22,000 வரைக்கும் கொடுக்குது. பையனுக்கு 16,000 தாண்டியும் கேட்டுச்சு. எனக்கு வலது காதுல 11,000-ல நின்னுபோச்சு. இடது காதுல 8,000 தாண்டல. பையன் சிரிச்சுக்கிட்டே இருந்தவன் சிரிப்பை நிறுத்திட்டான்.

இடதுக்கு மட்டும் ஏன் இப்படின்னு காது டாக்டர்கிட்ட கேட்டேன். டிராக்டர், டில்லர் ஓட்டுறவங்களுக்கு இது சகஜமாம். வலது தோள் வழியா திரும்பிக் கலப்பையைப் பார்ப்போம் இல்லையா, அப்போ இடது காது இஞ்சின் பக்கம் திரும்பிடும். முப்பது வருஷமா டீசல் இஞ்சின் அந்தக் காதுல கத்தியிருக்கு. இப்போ யோசிச்சா புரியுது. ராத்திரி தண்ணி பாய்ச்சப் போறப்போ சில்வண்டு சத்தம் எனக்கு ஒரு பக்கமாத்தான் கேக்குது. வண்டு குறைஞ்சுபோச்சு, மருந்தடிச்சே கொன்னுட்டோம்னு நான் நினைச்சிருந்தேன்.

காதுக்குள்ள நத்தை ஓடு மாதிரி ஒண்ணு இருக்கு. அதுல பதினஞ்சாயிரம் மயிர்ச் செல் அளவுக்கு இருக்கு. சத்தத்தை மூளைக்கு எடுத்துச் சொல்றது அதுங்கதான். பெருஞ்சத்தத்துல செத்தா மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது. கோழிக்கு முளைக்கும்! 1980-கள்ல கண்டுபிடிச்சாங்க. நம்ம கொல்லைப்புறத்துல மேயுற கோழிக்கு இருக்கிற வசதி நமக்கு இல்ல.

கணக்கு இதுதான். வேலை செய்யுற இடத்துல 85 டெசிபல் வரைக்கும் எட்டு மணி நேரம் தாங்கும்னு அமெரிக்க நிபுணர்கள் வச்சிருக்காங்க. மூணு டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாக் குறையும். 88-க்கு நாலு மணி, 91-க்கு ரெண்டு, 94-க்கு ஒரே மணி நேரம். கூண்டு இல்லாத டிராக்டர் இந்தக் கடைசிப் பக்கத்துலதான் நிக்கும், நாங்க ஓட்டுறது நாள் முழுக்க. பாட்டு கேக்கிறவங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்றது, 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம்.

இது எங்களுக்கு மட்டும் உள்ள சங்கடம்னு நினைக்காதீங்க. மறுநாள் பையனோட பறக்கும் ரயில்ல மயிலாப்பூர் வரைக்கும் போனேன். வேளச்சேரியில ஏறினப்போ வச்ச வால்யூமை, வண்டி வேகம் எடுத்ததும் ஏத்தினான். ரெண்டு ஸ்டேஷன் தாண்டி மறுபடி ஏத்தினான். எதிர்ல உக்காந்திருந்த எனக்கே, அந்தக் காதோட, பாட்டு கேட்டுச்சு. தங்கமோ கறுப்போ, ரயில் இரைச்சலை ஜெயிக்கணும்னா அதுக்கு மேல கத்தித்தானே ஆகணும்? வெளி இரைச்சலை நல்லா அடைக்கிற ஒரு இயர்பட் போட்டா, பாதி வால்யூம்லயே பாட்டு முழுசா கிடைக்கும். அதுக்கு ஒரு லட்சம் தேவையில்ல.

பஞ்சாயத்துல நான் சொன்னது இவ்வளவுதான்: "தங்கம் அழகா இருக்கு தம்பி, கையில வச்சுப் பார்க்க எனக்கே ஆசையா இருக்கு. அழகுக்காக வாங்குறதா இருந்தா வாங்கு, வெங்கல உருளியை எடை பார்த்து ரசிச்சு வாங்குற மாதிரி. சத்தத்துக்காகன்னா உன் வீட்டுக்காரி சொல்றதைக் கேளு." இந்த வருஷம் வேண்டாம்னு வச்சிருக்கான். அடுத்த வருஷம் என்ன பண்ணுவான்னு எனக்கும் மருமகளுக்கும் நல்லாவே தெரியும்.

நீங்க யாராவது புதுப் பிளேயர் வாங்கப்போறீங்கன்னா, சத்தத்தைச் சமமாக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, பத்து தடவை கேட்டுப் பாருங்க. காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை காது டாக்டர்கிட்டயும் போய்ட்டு வாங்க. நாப்பது தாண்டினவங்க கட்டாயம் போங்க.

நான் திரும்பி வர்றப்போ கம்பிக்காரங்க போடுற மாதிரி தலைக்கு மேல மாட்டுற காதடைப்பான் ரெண்டு வாங்கிட்டு வந்தேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு டில்லர் ஓட்டுற பையனுக்கு. அவனுக்கு இருபத்திரெண்டு வயசு. மாட்டிக்கிட்டா ஊரே சிரிக்கும்ணேன்னு சொல்றான். திங்கக்கிழமை சம்பா நடவுக்குச் சேறடிக்கணும். முதல்ல நான் மாட்டிக்கிட்டு இறங்குறேன், சிரிக்கிறவங்க என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.