மணல் வீதிக்கு ஒரு முழங்கை உறை

புத்தளத்திலிருந்து மன்னாருக்கு பஸ்ஸில் போவதென்றால் அநுராதபுரம், மதவாச்சி என்று சுற்றித்தான் போக வேண்டும். 2010இல் திறக்கப்பட்ட பாலத்தில் ஏறியதும் இரு புறமும் ஆழமில்லாத கடல். அப்பால் மேடு பள்ளம் இல்லாத மன்னார்த் தீவு. நகரைத் தாண்டித் தலைமன்னார் வீதியில் சிறிது தூரம் போனால் எங்கள் தாராபுரம். பனைகளும், ஓலை வேலிகளும், வீதியில் தம் பாட்டில் நிற்கும் கழுதைகளும் கண்ணில் பட்டால் ஊர் வந்துவிட்டது என்று மனம் சொல்லிவிடும்.

1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பமும் கடல் வழியாகக் கற்பிட்டிக்குப் போனது. நான் புத்தளத்திலேயே வாழ்க்கைப்பட்டேன். 2009இல் போர் முடிந்த பிறகு ராத்தா குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பினார்.

இம்முறை நான் போனது ராத்தாவின் மகளுக்காக. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். மாலை வகுப்புக்கு மன்னார் நகருக்கு மவுண்டன் சைக்கிளில் போய் வருவாள். மலையே இல்லாத தீவில் மலைச் சைக்கிளா என்று சிரிக்க வேண்டாம். ஒழுங்கைகளில் கிடக்கும் மணலில் ஒல்லியான டயர் புதைந்துவிடும். அகன்ற, பல் வைத்த டயர்தான் அதில் ஓடும். ஆனால் வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும் சோளகக் காற்று அந்த மணலைத் தார் வீதியிலும் கொண்டுவந்து பரப்பிவிடுகிறது. அப்படியொரு திருப்பத்தில் பிள்ளை சறுக்கி விழுந்து, முழங்கையிலிருந்து கீழே ஒரு சாண் அளவுக்குத் தோல் உரிந்துவிட்டது.

“கை ஒடிஞ்சிருந்தா ஆரு பாக்குற? இனி சைக்கிளும் வாணாம், வகுப்பும் வாணாம்” என்றார் ராத்தா. வகுப்பு முடியும் நேரத்துக்கு பஸ் அமைவதில்லை. ஆகவே சைக்கிள் நின்றால் படிப்பும் நின்றதுதான்.

கொழும்பில் விளையாட்டுப் பொருட் கடைகளில் ஏறி இறங்கியபோது முழங்கை உறையில் மூன்று வகை கண்டேன். முதலாவது, சக்கரச் சப்பாத்து ஓடும் சிறுவர்களுக்கு முழங்கால், உள்ளங்கை உறைகளோடு ஒரே பையில் விற்பது. கிண்ணம் போன்ற பிளாஸ்ரிக் மூடியும் இரண்டு இழுபட்டிகளும் கொண்டது, விலை குறைவு. இரண்டாவது, மலைச் சரிவில் பாய்ந்து இறங்குபவர்களுக்கானது. முன்கை வரை கெட்டியான ஓடு இருக்கும். மூன்றாவது, துணிக் கை போல மாட்டிக்கொள்வது. அதனுள் இருக்கும் மெத்தை கையால் அழுத்தினால் களிமண் போல நெகிழும். சட்டென்று அடி விழுந்தால் இறுகி, அடியைப் பரவச் செய்யும்.

கடைக்காரர் இரண்டாவதையே புகழ்ந்தார். பாறையில் உரசி வழுக்கிச் செல்ல அந்த ஓடு நல்லதுதான். எங்கள் ஊரில் பாறை எங்கே இருக்கிறது? இங்கே விழுந்தால் தோல்தான் உரியும். ஆகவே தடிப்பை விட, முன்கையின் எவ்வளவு தூரத்தை மூடுகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது. சூட்டையும் மறக்கக் கூடாது. மன்னார் வெயிலில் வேர்த்துக் கொட்டும் உறையை எந்தப் பிள்ளையும் இரண்டாம் நாள் போடாது. மூன்றாவது வகையில், முதுகுப்புறம் வலைத்துணி வைத்ததையே எடுத்தேன்.

உறைக்குள் இருக்கும் சீட்டையும் வாசியுங்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களின் கைகால் காப்புகளுக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 1621-1, நல்ல சைக்கிள் உறைகள் பலவற்றிலும் இது இருக்கும். அதில் முதல் நிலையை விட இரண்டாம் நிலை, அடியைக் குறைவாகவே உள்ளே விடும். ‘டி பிளஸ்’ என்ற குறி இருந்தால் 40 பாகை செல்சியஸ் சூட்டிலும் சோதித்தது என்று பொருள். இந்த மெத்தைகள் சூட்டில் இளகக்கூடியவை என்பதால் எங்கள் பக்கத்துக்கு அந்தக் குறி வேண்டியதே.

வீட்டில் ராத்தாவின் தையல் நாடாவால் பிள்ளையின் மேற்கையையும் முன்கையையும் அளந்து, பெட்டியில் இருந்த அட்டவணையோடு ஒப்பிட்டோம். “வளருற பிள்ளை, ஒரு அளவு கூட எடுத்திருக்கலாமே” என்றார் ராத்தா. சட்டைக்கு அது சரி. தொளதொளத்த உறை விழும் வேளையில் மணிக்கட்டுக்குச் சுழன்று போய்விடும். அதை மாட்டி, சைக்கிள் பிடியைப் பிடிப்பது போலக் கையை நீட்டி, இருபது தடவை மடக்கிப் பார்த்தாள். நழுவவில்லை, விரல் விறைக்கவும் இல்லை. முழங்கையின் உட்பக்கம் தோலுக்குச் சற்றுக் கீழே ஒரு நரம்பு ஓடுகிறது. இடித்தால் சுண்டுவிரல் வரை மின்சாரம் அடித்தது போலிருக்குமே, அதுதான். பட்டி அதை நெரிக்கக் கூடாது.

இதைச் சொல்லாவிட்டால் ராத்தாவை ஏமாற்றியதாகிவிடும் என்று ஒன்றையும் சொன்னேன். விழும்போது உள்ளங்கையை ஊன்றினால் அந்த விசை மேலேறி மணிக்கட்டையோ முழங்கை எலும்பையோ உடைக்கலாம். அதை எந்த முழங்கை உறையும் தடுக்காது. தோலையும், நேரே விழும் அடியையும்தான் அது காக்கும். தலைக்கவசம் இல்லாத வீட்டில் முதலில் அதை வாங்குங்கள், சகோதரிகளே. ராத்தா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மணல் கிடக்குற இடத்தில இறங்கித் தள்ளிட்டுப் போவியா?” என்று மகளிடம் கேட்டார். அவள் தலையாட்டினாள்.

உடை விஷயமும் உண்டு. உள்ளே ஒட்டிய நீள்கைச் சட்டை, அதன் மேல் உறை, அதற்கு மேல் அபாயா என்று போட்டால் வெளியே தெரியாது, தோலும் உரசாது. கைவிளிம்பு அகலமாக இருந்தால் பிரேக்கில் மாட்டும். ராத்தா அதற்கு இழுபட்டி வைத்துத் தைத்தார். மவுண்டன் சைக்கிளுக்குச் சங்கிலி மூடி வருவதில்லை. அதையும் மன்னாரில் ஒரு சைக்கிள் கடையில் தனியாகப் போட்டோம். இல்லாவிட்டால் அபாயாவின் கரையே அடுத்த விழுகைக்குக் காரணமாகும்.

மறுநாள் வகுப்பு முடிந்து பிள்ளை வந்தபோது மஃரிபுக்கு இன்னும் நேரம் இருந்தது. உறையின் வெல்க்ரோ பட்டியில் மணல் ஏறியிருந்தது. ராத்தா பழைய பல்துலக்கியால் அதைத் தட்டி, மெத்தையைக் கழற்றி வைத்துவிட்டு, துணியை மட்டும் சவர்க்கார நீரில் அலசி, வெயில் படாமல் தாழ்வாரக் கொடியில் போட்டார். காற்றுக்கு அது விடியுமுன்னே காய்ந்துவிட்டது.