பீற்றூட் இருக்கும் அறை

ஒக்ரோபர் 6

இன்றைக்கும் இவர் சன்னலடியில் இருந்துதான் பாத்தியைப் பார்த்தார். போன மாதம் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு எங்கள் கிழமைக்கு மூன்று நாள்தான்: செவ்வாய், வியாழன், சனி. அந்த நாட்களில் நாலு மணித்தியாலம் டயலிசிஸ் மெஷினோடு. மிச்ச நாட்களில் அதன் களைப்பு.

பின்வளவில் பீற்றூட் மட்டும் எதுவும் நடவாததுபோல முற்றி நிற்கிறது. "உறைபனி விழ முன்னம் கிளப்பிப் போடு" என்கிறார். மண்ணுக்குள் இருக்கிற பாகம் தப்பும். வெளியே தெரியும் தோளில் குளிர் அடித்தால் அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும்.

மருந்துப் பெயர்களும் இரத்த அளவுகளும் தலைக்குள் கலங்குகின்றன. எழுதி வைத்தால் ஒரு பிடி கிடைக்கும் என்று இந்தக் கொப்பியை எடுத்தேன்.

ஒக்ரோபர் 9

வைத்தியசாலை உணவு ஆலோசகர் ஒரு தாள் தந்தார். தவிர்க்க வேண்டியவை: வாழைப்பழம், உருளைக்கிழங்கு, தக்காளி, இளநீர். அதற்குக் கீழே பீற்றூட்.

வேலை செய்யாத சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியே தள்ளாது. இரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே பிசகும். 100 கிராம் பீற்றூட்டில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறதாம். இலையில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் கூட. இவருக்குக் கிழங்கைவிட இலை வறைதான் விருப்பம்.

திரும்பி வரும்போது காரில் கதை இல்லை. எனக்குப் பீற்றூட் மேலேயே கோபம். இனி யாருக்காக இதைக் கிளப்புவது?

ஒக்ரோபர் 11

கிளப்பியாயிற்று. இடுப்பு வலி.

ஒக்ரோபர் 12

இவர் கராஜ் வாசலில் கதிரை போட்டு இருந்தார். நெஞ்சில் குழாய் இருப்பதால் அந்த இடத்தில் ஈரமோ அழுக்கோ படக் கூடாது. அதனால் நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் கொடுத்தேன்.

கழுவுவதில்லை. ஒட்டியிருக்கும் மண்ணை விரலால் தட்டிவிட்டால் போதும். இலையைக் கத்தியால் வெட்டாமல், இரண்டு விரல் உயரத்துக்குத் தண்டை விட்டு, ஒரே முறுக்கில் திருகி எடுக்கிறார். வால் வேரைத் தொடுவதே இல்லை. கிழங்கில் காயம் பட்டால் சாறு வடியும், அந்த வழியால் பூஞ்சணம் புகும். இலையை விட்டுவைத்தால் அது கிழங்கின் ஈரத்தை இழுத்துக்கொண்டு வாடும்.

மூன்று குவியல். டென்னிஸ் பந்தளவில் காயமில்லாதவை குளிர்காலத்துக்கு. சின்னவை கெதியில் வற்றிவிடும், அவை வினாகிரிக்கு. மண்வெட்டி பட்டவை இந்தக் கிழமையே சட்டிக்கு.

கடைசியில் விரல்களின் சிவப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கில்லை எண்டு தெரியும். பழுதாப் போக விடாத."

ஒக்ரோபர் 17

காத்திருக்கும் அறையில் ஒரு உக்ரேனிய அம்மா. அவருடைய கணவருக்கும் இதே நேரம். என் நகங்களில் போகாமல் நின்ற சிவப்பைக் கண்டு, "பீட்?" என்று கேட்டார். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் மட்டுமட்டு. ஆனாலும் நாலு மணித்தியாலமும் கதைத்தோம்.

போல்த்தாவாப் பக்கத்து ஊர். வீட்டுக்கு வெளியே நிலவறை, அதற்குள் மணல். ஒரு கடதாசித் துண்டைக் கசக்கி, அதுதான் மணல் என்று வைத்துக் காட்டினார். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கால் தண்ணீர் வரக் கூடாது. ஒரு அடுக்கு மணல், ஒரு அடுக்கு கிழங்கு. ஒன்று அழுகினாலும் மற்றதுக்குத் தொற்றாதபடி முட்டாமல் அடுக்க வேண்டும். எனக்கு ஊரில் பனங்கொட்டை அடுக்கும் பாத்திதான் கண்ணுக்குள் வந்தது.

போர்ஷ் என்ற பீற்றூட் சூப்பைச் சமைக்கும் உக்ரேனிய மரபை 2022இல் யுனெஸ்கோ அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது என்று சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். உங்களவர் குடிக்கலாமோ என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினார். "ஆனால் நான் சமைக்கிறேன். வீட்டில் மணம் வேணும்."

ஒக்ரோபர் 20

ரொறன்ரோ வீடுகள் பலவற்றில் இருப்பதுபோல எங்கள் முன்வாசலுக்குக் கீழேயும் ஒரு கொங்கிறீற் அறை. சூடாக்கி கிடையாது, வெளிக்காற்றுக்கு இரண்டு துளை. கோல்ட் ரூம் என்றால் எங்களுக்கு அரிசி மூட்டையும் தேங்காயும்தான். அவற்றை ஒதுக்கி இடம் எடுத்தேன்.

பீற்றூட்டுக்கு 0 பாகையை ஒட்டிய குளிரும் 95 வீதம் ஈரப்பதனும் வேண்டும். குளிர் இருந்தால் முளைக்காது, ஈரம் இருந்தால் சுருங்காது. பிள்ளைகள் விளையாடவென்று கடையில் விற்கும் மணல் மூட்டையைப் பிளாஸ்ரிக் தொட்டியில் கொட்டி, அளவுச் சாடியால் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். பிடித்துப் பார்த்தேன், உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் விட்டேன். நின்றது.

வீட்டில் அளவுச் சாடி ஒன்றுதான். இவருக்கு ஒரு நாளைக்கு ஒரு லீற்றர்: தேத்தண்ணி, சொதி, மருந்து விழுங்குகிற தண்ணீர் எல்லாம் சேர்த்து. இரவு இன்னும் ஒரு மிடறு கேட்டார். கோட்டைக் காட்டினேன். தந்திருக்கலாமோ தெரியவில்லை.

நவம்பர் 3

இரவு முழுக்க இவருக்குக் காலில் பிடிப்பு.

நவம்பர் 15

நல்ல நாள். சின்னவற்றைத் தோலோடும் தண்டோடும் அவித்தேன். ஆறியதும் தோல் தானாக வழுகி வந்தது. பீற்றூட்டில் புளிப்பு இல்லை. வெறும் தண்ணீரோடு போத்தலில் அடைத்து வெறுமனே கொதிக்க வைத்தால் பொற்றுலிசம் நஞ்சு உண்டாகலாம். அப்படி அடைக்க அழுத்தக் கலன் வேண்டும். 5 வீத அமிலமுள்ள வினாகிரி ஊற்றினால் கொதிதண்ணீருக்குள் 30 நிமிடம் போதும். மூடிகள் ஒவ்வொன்றாக 'டிக்' என்று உள்ளே இழுபட, இவர் மற்ற அறையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

டிசெம்பர் 19

உக்ரேனிய அம்மாவின் கணவருக்குப் பின்னேர நேரம் கொடுத்துவிட்டார்களாம். மணல் சரியாக வந்தது என்று அவருக்குச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 21

வெளியே சைபருக்குக் கீழே 22 பாகை. கோல்ட் ரூமின் வெளிச்சுவரில் வெள்ளையாகப் பனி படிந்திருக்கிறது. கிழங்கு உறைந்தால் உள்ளே ஐஸ் கட்டிக் கலங்கள் கிழியும். பிறகு இளகும்போது வெறும் சளி. துளைகளைப் பழந்துணியால் அடைத்தேன். தொட்டிகளை உட்சுவரோடு தள்ளி, கதவை ஒரு கையகலம் திறந்து விட்டேன்.

நடுச்சாமத்தில் மீண்டும் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தேன். இவரும் நித்திரை இல்லை.

"எத்தினை பாகை?"

"ரெண்டு."

"காணும். வந்து படு."

பெப்ரவரி 16

போன கிழமை பொட்டாசியம் கூடி, மேலதிகமாக ஒரு நாள் மெஷினில் போட்டார்கள். வீட்டுக்கு வந்து தொட்டியைக் கிளறினால் மணல் காய்ந்து, மேலடுக்குக் கிழங்குகள் தோல் சுருங்கிக் கிடக்கின்றன. ஒன்று அழுகி நாறியது. எல்லாவற்றையும் குப்பையில் கொட்டிவிட நினைத்து, படியில் இருந்து அழுதேன். பிறகு அழுகியதை அதைச் சுற்றியிருந்த மணலோடு அள்ளி எறிந்துவிட்டு, தண்ணீர் தெளித்தேன்.

மார்ச் 2

முளைக்கத் தொடங்கிவிட்டன! வெளிச்சம் இல்லாததால் மஞ்சளும் சிவப்புமாக மெல்லிய குருத்து. நான் பதறினேன். இவர் கதிரையை விட்டு எழும்பியே விட்டார். பீற்றூட் இரண்டு வருடப் பயிர். முதல் வருடம் கிழங்கு வைக்கும், ஒரு குளிர்காலத்தைக் கடந்தால்தான் பூக்கும். நாங்கள் அந்தக் குளிரைத்தான் கீழே வைத்துக் கொடுத்திருக்கிறோம். மே மாதம் நட்டால் கோடை முடிவில் விதை. காற்றில் மகரந்தம் பரவுவதால் ஒன்றிரண்டு காணாது, கொஞ்சம் சேர்த்து நட வேண்டும் என்கிறார். கொப்பியில் படம் கீறினார்.

என் சிறுநீரகமோ மகளுடையதோ இவருக்குப் பொருந்துமா என்ற பரிசோதனை இன்னும் முடியவில்லை.

மார்ச் 14

இந்த முறை இரத்த அளவு நல்லம். பீற்றூட் கொஞ்சமாகச் சாப்பிடலாம் என்று உணவு ஆலோசகர் சொன்னார்: தோல் சீவி, மெல்லிசாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். நிறம் பாதி போய்விட்டது. பச்சை மிளகாய், வெங்காயம், பேருக்குத் தேங்காய்ப்பால். சோற்றில் இரண்டு கரண்டி. "உப்புக் காணாது" என்றார். உப்பும் அளவுதான்.

சாப்பிட்ட கையோடு வாக்குவாதம். பெரிய கிழங்குகள் எல்லாம் விதைக்காம். ஓகஸ்டில் அந்தத் தண்டுகளுக்கு யார் தடி கட்டுவது என்று கேட்டேன். "நான்தான்" என்றார். பதில் சொல்லாமல் கோப்பைகளை எடுத்தேன். இன்னும் ஒன்றும் பிரித்து வைக்கவில்லை. அவற்றில் இரண்டையாவது கறிக்கு எடுக்காமல் விடமாட்டேன்.