விலைப்பட்டியலில் ஒரு கேள்வி

“ஒரு விளையாட்டுக்கு ஐயாயிரம் ரூபாய் நியாயமா அத்தா?” என்றான் மகன். பிளேஸ்டேஷன் 4 காலத்தில் 3,999 ரூபாய்க்கு வந்த பெரிய வீடியோ விளையாட்டுகள், 2020இல் அடுத்த கருவி வந்தபின் 4,999 ஆயின. 2025இல் ‘மரியோ கார்ட் வேர்ல்ட்’ அமெரிக்காவில் 80 டாலரைத் தொட்டது. ஆகவே திருட்டுப் பிரதி எடுப்பதில் தவறில்லை என்பது அவன் வாதம்.

மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலையை நிர்ணயிக்குமாறு மக்கள் கேட்டும் நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். எவருடைய பொருளிலும் அநீதி இழைக்காதவராக இறைவனைச் சந்திக்கவே விரும்பினார்கள். இதைச் சொல்லி, “விளையாட்டு அரிசியன்று, வாங்காதிருக்கலாம், திருடலாகாது” என்றேன்.

மேசைமீது எங்கள் சிவகாசிப் பட்டாசுக் கடையின் விலைப்பட்டியல் கிடந்தது. “இந்த 80 விழுக்காடு தள்ளுபடி எப்படி அத்தா?” என்றான்.

நான் வாயடைத்துப்போனேன். தள்ளுபடி காட்டுவதற்காகவே ஏற்றி அச்சிட்ட விலை அது. விளையாட்டை விற்பவர் கேட்கும் விலையை வெளிப்படையாகச் சொல்கிறார், நான் சொல்லவில்லை. அளவில் மோசம் செய்வோருக்குக் குர்ஆன் விடுக்கும் எச்சரிக்கை எனக்கும் உரியதோ என அஞ்சினேன்.

வரும் தீபாவளிக்கு, விற்கும் விலையையே அச்சிடப் போகிறேன். தள்ளுபடி தேடுவோர் அடுத்த கடைக்குப் போகலாம். எஞ்சும் வியாபாரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.